நீ 'வேணாம்' என்று சொல்லவே இல்லை, நைனா

என் தங்க நைனாவுக்கு,

திருத்தணி பஸ் ஸ்டாண்டு மைக்கில் உட்கார்ந்து ஊரையே அவரவர் வண்டியில் ஏற்றி அனுப்பிய என் நைனாவுக்கு, உன் மகள் சுகுணா எழுதுகிறேன்.

முந்தாநாள் உனக்கு வருஷ திதி முடிந்தது. இப்போது காலை பத்து மணி இருக்கும். அம்மா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருக்கிறாள். அவள் என்னோடு சரியாகப் பேசி இரண்டு நாள் ஆகிறது. மேஜை மேல் லேப்டாப் திறந்தபடி கிடக்கிறது, அதில் ஒரு கடிதம் எழுதி முடித்து வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போக வேண்டிய கடிதம். இன்னும் அனுப்பவில்லை.

அதை அனுப்பினால் வியாழக்கிழமை இண்டர்வியூவில் எனக்குக் கிடைக்கப்போகிற வேலை போய்விடும். அனுப்பாமல் விட்டால் வேலை கிடைக்கும், ஆனால் நான் எந்த முகத்தோடு உன் போட்டோவைப் பார்ப்பது? யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் நீதான். ஊரே இதைப் படித்தாலும் பரவாயில்லை. நீ பேசியதெல்லாம் ஊர் கேட்கத்தானே.

பெங்களூரில் யாராவது "அப்பா என்ன செய்தார்?" என்று கேட்டால் "போக்குவரத்துத் துறை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர், மைக்கில் கத்துவது வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறான் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாய். ஆடிக் கிருத்திகை வந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும், வெந்நீரில் மிளகைப் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவாய்.

எப்போதும் முதலில் தெலுங்கில் சொல்வாய். அப்புறம்தான் தமிழ். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன், "ஏன் நைனா, இது தமிழ்நாடுதானே, மொதல்ல தமிழ்ல சொன்னா இன்னா?" என்று.

"நம்மூர்க்காரன் இந்த வண்டிய உட்டா அடுத்த வண்டில போவான். தெலுங்குக்காரன் எங்கியோ தூரத்துலேர்ந்து வந்துகினு கீறான். வூட்டுக்குப் போற வண்டி எதுன்னு அவனுக்குத்தான் மொதல்ல தெரியணும்" என்றாய்.

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மீன் குழம்பு ஆறிப்போகிறதே என்றுதான் இருந்தது.

நீ பிறந்தது பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், தெலுங்கு பேசுகிற வீட்டில். அம்மா அரக்கோணம். நம் வீட்டில் தமிழ்தான் பேச்சு. உன் தெலுங்கு மைக்குக்கும் உன் தங்கை வீட்டாருக்கும் என்று ஒதுங்கிவிட்டது. எனக்கு அது புரியும், பேசத்தான் வராது. சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் நான் போனில் "நைனா" என்று கூப்பிட்டதைக் கேட்டு அறைத்தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் உன்னை "அப்பா" என்று கூப்பிட்டேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. போனை வைக்கும்போது "சரிம்மா, அப்பா வெச்சிர்றேன்" என்றாய். நீயே உன்னை அப்பா என்று சொல்லிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அந்த வெட்கத்தில்தான் புரிகிற தெலுங்கையும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேன். அதற்கான பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

என் வேலை என்ன என்று நீதான் எல்லாரையும்விட நன்றாகச் சொன்னாய். உன் மைக் ரூமுக்குப் பூக்கடைக்காரர் ஒருவர் வந்து, "உம் பொண்ணு மூளை டாக்டராமே, எம் பையனுக்குக் கணக்கே ஏறல, ஒரு தபா பாக்கச் சொல்லுப்பா" என்றாராம். நீ சொன்னாயாம்: "அவ மருந்து எழுத மாட்டா நைனா, கேள்விதான் கேப்பா. பதிலு சொன்னா அதையும் எழுதிகினு போயிடுவா." இதை நீ வீட்டில் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு எந்தச் சொல் போகிறது, எது தங்குகிறது, எது திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வாங்கி எவ்வளவோ காலம் ஆகியும் ஒரு வருஷ ஒப்பந்தம், ஆறு மாச நீட்டிப்பு, வேறு ஊர், வேறு லேப் என்றே ஓடுகிறது. என்னோடு படித்தவர்கள் சொந்தமாக லேப் வைத்து நடத்துகிறார்கள். நான் இன்னும் விண்ணப்பப் படிவத்தில் 'தந்தை பெயர்' எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. வியாழக்கிழமையைக் கோட்டைவிட்டால் இனி அழைப்பே வராது.

அந்த வேலைக்கு என் கையில் இருக்கிற ஒரே பிடி, வெளியாகக் காத்திருக்கிற ஒரு கட்டுரை. அதில் என் பெயர் முதலில் இருக்கிறது. எல்லாரும் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களையே பார்க்கிறார்கள், நான் எல்லையோரக் கிராமத்துத் தமிழர்களைப் பார்க்கிறேன் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையில்தான் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது.

செய்தது சின்ன வேலைதான். படம் காட்டுவேன், "இது என்ன?" என்று கேட்பேன், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வேன், குறிப்பேன். படிவத்தில் முதல் கேள்வி, தாய்மொழி. திருத்தணியில் கேட்டாலும் சரி, பள்ளிப்பட்டில் கேட்டாலும் சரி, வீட்டார் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "தமிழ்தாங்க." நானும் தமிழ் என்று எழுதிக்கொண்டேன்.

கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருந்த ஒருவர். கோழிப் படத்தைக் காட்டினேன். "கோடி" என்றார். தப்பு என்று குறித்துக்கொண்டு மறுபடி கேட்டேன். "கோடி! கோடி!" என்று அழுத்திச் சொன்னார், படத்தின் மேல் விரலை வைத்துத் தட்டினார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'ஒலி மாறுகிறது, ழ போய் ட வருகிறது. நோயாளி தன் தவறை உணரவில்லை.' எந்தச் சொல் தப்பு என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டாரிடமும் கொடுத்துவிட்டு வந்தேன். அவரைப் போலவே இன்னும் சிலர் கோடி என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று சாயங்காலம் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"கோழிக்குக் கோடின்னு சொல்றாங்கப்பா" என்று நான் சொல்லியிருந்தால் நீ ஒரே நொடியில் சிரித்திருப்பாய். நான் சொல்லவில்லை. "ஒரு முக்கியமான விஷயம் கிடைச்சிருக்கு, உனக்குச் சொன்னா புரியாது" என்றேன். புரியாது என்று நான் சொன்ன அந்த மனுஷனுக்குத்தான் அது புரிந்திருக்கும்.

அப்புறம் நீ விழுந்தாய். டீக்கடையில் டம்ளர் கையிலிருந்து நழுவியது என்றார்கள். இடது பக்க மூளை, வலது கை, பேச்சு. சென்னைக்குக் கொண்டுபோனோம். பேச்சைப் படிப்பதற்கென்றே வளர்ந்த மகள் பக்கத்தில் இருக்கிறாள், நைனாவுக்கு என்ன குறை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து உனக்கு நாலைந்து சொல் வர ஆரம்பித்தது. எவ்வளவு தேறியிருக்கிறாய் என்று பார்க்க அதே படங்களை உன்னிடமும் காட்டினேன். சொந்த அப்பாவை ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாது, சேர்க்கவும் இல்லை. ஆனால் அதே படிவம்தான். தாய்மொழி என்ற இடத்தில் நானே என் கையால் 'தமிழ்' என்று எழுதினேன். உன் மகள், நைனா. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே எழுதினேன்.

அன்று மத்தியானம் டாக்டர் வந்தார். "இங்கயே இன்னும் கொஞ்ச நாள் வெச்சிப் பாக்கலாம், இல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான். நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அம்மா மாற்றுத் துணி எடுத்துவரத் திருத்தணிக்குப் போயிருந்தாள். நான் உன்னையே கேட்டேன். உன்னைக் கேட்டுச் செய்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

நீ பதில் சொன்னாய். நான் வெளியே போய் டாக்டரிடம், "அவரே வேணாங்கறார், இங்கயே இருக்கட்டும்" என்றேன். அம்மாவுக்கும் போனில் அதையே சொன்னேன். அதன் பிறகு உனக்கு நெஞ்சில் சளி கட்டியது, ஜுரம் வந்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை. ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்கு வந்தாய்.

முந்தாநாள் திதிக்குப் பள்ளிப்பட்டிலிருந்து முனிரத்தினம் பாவா ஆட்டோவில் வாழை இலையும் பூவும் கொண்டுவந்தார். உன் தங்கை மகன், உனக்கு இன்னொரு பிள்ளை மாதிரி. சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபின் அம்மா கேட்டாள்: "ஏன்டி, அவரு கொரல எதுலயாவது புடிச்சி வெச்சிகிறியா? ஒரு தபா கேக்கணும் போல கீது."

யோசித்தேன். அத்தனை வருஷம் மைக்கில் பேசிய உன் குரல் எங்கேயும் இல்லை. என் போனில் அந்த ஆஸ்பத்திரிப் பதிவு மட்டும்தான் இருந்தது. அதைப் போட்டேன்.

என் குரல் "இது என்ன?" என்று கேட்கிறது. பூட்டுப் படம். நீ மெதுவாக, நாக்கு தடிக்க, "தாளம்" என்கிறாய்.

"ஆங், கரெக்டு" என்றார் பாவா.

"என்ன பாவா கரெக்டு? பூட்டக் காட்டினா தாளம்ன்றாரு. சம்பந்தமே இல்லாம."

"பூட்ட தெலுங்குல தாளம்னுதான சொல்லுவோம் எங்க வூட்ல. வேற இன்னா சொல்லுவாரு மாமா?"

அடுத்தது கோழி. நீ "கோடி" என்றாய். பாவா சிரித்துக்கொண்டே தலையாட்டினார், "இதும் கரெக்டு. மாமாவுக்கு எல்லாம் ஞாபகம் கீது பாரேன்." அம்மாகூடக் கொஞ்சம் சிரித்தாள். கே.ஜி.கண்டிகைக்காரர் படத்தைத் தட்டித் தட்டிச் சொன்னது கண்முன் வந்தது.

போனை அப்போதே அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியிலும் பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். படங்கள் முடிந்து, டாக்டர் வந்து பேசிவிட்டுப் போகிறார். அப்புறம் என் குரல்.

"அப்பா, வீட்டுக்குப் போலாமா?"

"இல்லு."

"போலாமாப்பா?"

"இல்லு... இல்லு." கடைசியில் உன் குரல் உடைகிறது.

பாவா சிரிப்பை நிறுத்திவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இன்னா சுகுணா இது. மாமா வூடுன்னு சொல்றாரு. இல்லுன்னா வூடு. வூடு வூடுன்னு சொல்லிகினே கீறாரு. நீங்க இட்டாரலியா?"

எனக்குத் தெரியாத வார்த்தையா அது? உன் தங்கை வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? நான் 'இல்ல' என்று கேட்டேன், நைனா. நீ வீடு என்றாய், நான் இல்லை என்று கேட்டேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. 'போலாமா?' என்று கேட்டால் நம் பக்கத்தில் யாராவது 'இல்ல' என்று சொல்வார்களா? 'வேணாம்' என்றுதானே சொல்வார்கள்? மூன்று வயசுப் பிள்ளைகூட 'வேணாம்' என்றுதான் சொல்லும். மூளையையும் பேச்சையும் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு அது உறைக்கவில்லை. டாக்டரிடம் போய் "வேணாங்கறார்" என்று நானே ஒரு சொல்லை உன் வாயில் வைத்தேன்.

அம்மா எழுந்தாள். இலைகளை எடுத்து மடித்தாள். "நீதானேடி அவரே வேணாம்னாருன்னு சொன்ன" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் "சாப்டு", "கதவச் சாத்து" தவிர என்னிடம் எதுவும் பேசவில்லை. திட்டினாலாவது தாங்கிக்கொள்வேன்.

அன்றும் நேற்றும் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் திரும்பக் கேட்டேன். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆட்களின் பதிவுகளில் நான் தப்பு போட்ட இடமெல்லாம் சரியாக இருக்கிறது. நான் 'பதில் சொல்ல மறுத்தார்' என்று குறித்த ஒருத்தர் வீட்டுப் படத்தைப் பார்த்து "இல்லு" என்றிருக்கிறார். தண்ணீர்ப் படத்துக்கு 'நில்லு' என்றார் என்று நான் எழுதிய ஒரு பெண்மணி, 'நீள்ளு' என்று தெலுங்கில் தண்ணீரைத்தான் சொல்லியிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குச் சின்ன வயசில் பேசிய பாஷை முதலில் திரும்புகிறது, சிலருக்கு அதிகம் புழங்கிய பாஷை. ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே நான் போனேன்? கண்முன்னால் நடந்துகொண்டிருந்ததையே நோய் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

நேற்று மேடத்துக்குப் போன் செய்தேன். என் ஆராய்ச்சிக்குத் தலைவி, கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை முடியட்டும் சுகுணா. அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம். அப்பா போன துக்கத்துல முடிவு எடுக்காதே" என்றார். அதில் தப்பு என்ன இருக்கிறது? வேலை கிடைத்தபின் திருத்தினால் இன்னும் ஒழுங்காகத் திருத்தலாமே? இப்போது அவசரப்பட்டு நான் செய்யப்போவது நேர்மையா, இல்லை உன்னை விட்டுவிட்டதற்காக என்னையே அடித்துக்கொள்கிறேனா? எனக்கே தெரியவில்லை. நீ இருந்தால் ஒரு கிண்டலில் முடித்து வைத்திருப்பாய்.

மேடத்தின் பேச்சைக் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன்னால் கே.ஜி.கண்டிகை டீக்கடைக்காரர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் விசாரிக்கலாம் என்று அவர் வீட்டு நம்பருக்குப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"இப்ப பேசறதே இல்லிங்க" என்றார். "நீங்க குடுத்த சீட்ட வெச்சிதான் ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சி குடுத்தாங்க. கோடி சொல்லாத, கோழி சொல்லுன்னு தெனமும் சொல்லிகினு இருந்தாங்க. நாங்களும் சொன்னோம். தப்பாவே வருதுன்னு வாயே தொறக்கறது இல்லிங்க இப்போ."

நான் குடுத்த சீட்டு, நைனா.

"நீங்க வீட்ல என்ன பாஷைம்மா பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"தமிழ்தாங்க" என்றார். அப்புறம், "அவரு சின்ன வயசுல எல்லாம் தெலுங்குதாங்க. அது இன்னாத்துக்கு எழுதறதுன்னு சொல்லல" என்றார்.

இதைப் பாவாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தாய்மொழி இன்னான்னு படிச்சவங்க பேப்பர் வெச்சிகினு கேட்டா தமிழ்னுதான் சொல்லுவோம். ரேஷன் கார்டுல இருந்து ஸ்கூல் வரைக்கும் அதுதான கீது. எந்த பாஷைல திட்டுவீங்கன்னு கேட்டுப் பாரு, கரெக்டா சொல்லுவாங்க." இத்தனை வருஷம் நான் கேட்ட கேள்விகளில் இதைப் போல ஒன்று இல்லை. உன் மருமகனாயிற்றே.

பேனாவைக் கீழே வைத்தேன். ஸ்டேஷன் பக்கம் சென்னை ரயில் போகிற சத்தம் கேட்டது. பயமாக இருக்கிறது, நைனா. அனுப்பிவிட்டால் அப்புறம் நான் யார்? இந்த வயதில் எந்தக் கதவைத் தட்டுவது? அம்மாவிடம் என்ன சொல்வது? நீயும் போய், இதுவும் போனால் எனக்கு என்னதான் மிச்சம்?

வெளியே போய்விட்டு வந்து, ராத்திரியில் மிச்சத்தை எழுதுகிறேன். மத்தியானமே கடிதத்தை அனுப்பிவிட்டேன். கட்டுரையை நிறுத்தச் சொல்லி, எங்கே தப்பு என்று நாலு வரியில் எழுதியிருந்த கடிதம் அது. மேடத்துக்கும் ஒரு பிரதி போட்டேன். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மேடத்திடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டுப் பாவாவை வரச் சொன்னேன். நான் கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று அம்மா கேட்கவில்லை. தட்டில் சோறு போட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

கே.ஜி.கண்டிகையில் அவர் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். பரீட்சைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கோழிப் படத்தை எடுத்தேன். பாவா, "இதேமி அன்னா?" என்று தெலுங்கில் கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரிங்க. கோடிதாங்க. தப்பு போட்டது நான்தாங்க" என்றேன். அவர் முகம் மாறவில்லை. அவர் மனைவிதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். நான் அழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நல்ல கையால் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"கூச்சோ" என்றார்.

பாவா எனக்கு அர்த்தம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. நாளைக்கும் பேசுவாரோ தெரியாது. நான் மறுபடி போவேன். என் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். சிலர் இப்போது இருக்கமாட்டார்கள், அந்த வீடுகளுக்கும் போய், அவர் சொன்னது சரி என்று சொல்லிவிட்டு வருவேன். வேலை இருந்தாலும் போவேன், இல்லாவிட்டாலும் போவேன். உன்னைக் கேட்ட கேள்விக்கு உன் பதிலைக் கேட்காமல் விட்டேன், அது இனி எந்த ஜன்மத்திலும் திருத்த முடியாத தப்பு. அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இனிமேல் படத்தைக் காட்டினால் முதலில் தெலுங்கில் கேட்பேன், அப்புறம் தமிழில். எனக்குத் தெலுங்கு வராது, தப்புத் தப்பாகத்தான் கேட்பேன், சிரித்தால் சிரிக்கட்டும். தூரத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் வீட்டுக்குப் போகிற வண்டி எது என்று முதலில் தெரிய வேண்டும்.

எந்த ஊரில், யார் எதிரில் இருந்தாலும் உன்னை இனி நைனா என்றே கூப்பிடப்போகிற,
உன் இல்லுவிலிருந்து,
உன் மகள் சுகுணா